விவிலிய மூலமொழிகளும் தமிழ்வழிக் கற்றலும்: கணினிக் கருவிகள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

விவிலியத்தின் மூலமொழிகளாகிய எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் தமிழ் வழியாகக் கற்க விரும்புவோர்க்குக் கணினியும் அலைபேசியும் எவ்வளவு துணைசெய்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கருவிகளுக்குக் குறைவில்லை; அவற்றுள் சிறந்தவை பல விலையின்றியே கிடைக்கின்றன. ஆயினும் அவை தமிழ் மாணவரை வந்தடையும் வழியில் ஆங்கிலம் இடையே நிற்கிறது. இதனை வெறும் வசதிக்குறைவு என்று கருதிவிட இயலாது. மூலமொழியும் தமிழும் ஒத்து நிற்கும் இடங்களை இவ்விடைமொழி மறைத்துவிடுகிறது. தமிழ் தானே முடிவெடுக்க வேண்டிய இடங்களைக் காட்டாமலும் விட்டுவிடுகிறது. சிக்கலின் கரு இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆய்வுக்கு உரிய களமாக இடுக்கி மாவட்டம், பீருமேடு வட்டத்தைச் சேர்ந்த வண்டிப்பெரியார் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெரியாற்றங்கரையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த இவ்வூர், 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது கேரளத்துடன் நின்ற தமிழ் வழங்கும் பகுதிகளுள் ஒன்று. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டிலும் வழிபாட்டிலும் தமிழ் பேசுகின்றன; அலுவலும் மேற்கல்வியும் பெரும்பாலும் மலையாளத்தில் நடைபெறுகின்றன. ஊரின் ஊடே செல்லும் நெடுஞ்சாலை ஒருபுறம் கோட்டயத்திற்கு இறங்குகிறது. மறுபுறம் குமுளியைக் கடந்தால் கம்பம், தேனி வழியே மதுரையை அடையலாம். கோட்டயத்தில் 1985இல் தொடங்கப்பெற்ற புனித எஃப்ரேம் ஆய்வு நிறுவனம் சுரியானி மொழிக் கல்விக்கு இடமாக விளங்குகிறது. மதுரை அரசரடியில் 1969இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரி இறையியலைத் தமிழில் கற்பித்து வருகிறது. ஆக, விவிலிய மொழிக் கல்வியின் இரு மரபுகளுக்கு நடுவில் உள்ள ஊர் இது. ஆனால் தோட்டக் குடியிருப்பில் வாழும் ஒருவர் வேலையை விட்டு இவ்விரு நகரங்களுள் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயிலுதல் அரிது. அத்தகையவருக்குக் கருவியே ஆசிரியர். எனவே கருவியின் குறை அவருக்கு ஆசிரியரின் குறையாகவே முடியும்.

பிரிந்து கிடந்த இரு அறிவுகள்

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாறு நன்கு அறியப்பட்டதே. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. பப்ரிசியஸ், இரேனியஸ், பெர்சிவல், பவர் எனத் தொடர்ந்த வரிசை 1871இன் ஐக்கியப் பதிப்பிலும், பின்னர் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலும் வந்து நிற்கிறது. இவ்வரலாற்றில் ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, மூலமொழி அறிவு ஐரோப்பிய அறிஞரிடமும் தமிழ் இலக்கண அறிவு தமிழ்ப் புலவரிடமும் பெரும்பாலும் தனித்தனியே இருந்தன. 1850இல் வெளிவந்த பெர்சிவல் பதிப்பிற்கு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் துணைநின்றமை சிறந்த எடுத்துக்காட்டு. தொல்காப்பியமும் நன்னூலும் கைவரப்பெற்ற நாவலர், எபிரேய வினைத் திரிபுகளையோ கிரேக்க எச்சங்களையோ நேரில் நோக்கியிருப்பின் எவ்வகை இலக்கணக் குறிப்புகளை எழுதியிருப்பார் என எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அத்தகைய குறிப்பு ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

எபிரேயத்தின்பால் தமிழாய்வு காட்டிய ஆர்வமும் பெரிதும் சொற்பிறப்பளவிலேயே நின்றது. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) எடுத்துக்காட்டிய 'துகி' - 'தோகை' உறவு இன்றளவும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஒரு மயில் பெயரைக் கொண்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பேசிவிட்டோம். இலக்கண அமைப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பணியோ பெரும்பாலும் தொடப்படாமலே கிடக்கிறது. இன்றைய கருவிகள் இவ்விரு அறிவுகளையும் ஒருவரிடமே சேர்க்க வல்லவை. அவை அவ்வாறு செய்கின்றனவா என்பதே வினா.

எழுத்தும் ஒலியும்

எழுத்துருச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. எட்டுத் துணுக்கு எழுத்துருக்கள் வழங்கிய காலத்தில், இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழையும் வலமிருந்து இடமாகச் செல்லும் எபிரேயத்தையும் ஒரே வரியில் அமைத்தல் அச்சகத்தார்க்குப் பெருந்தொல்லையாக இருந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே இரு மொழிகளும் இடம்பெற்றன. 2017இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில், மலையாளத்தைச் சுரியானி எழுத்தில் எழுதுவதற்கெனக் கேரளக் கிறித்தவர் வழங்கிய பதினொரு சிறப்பெழுத்துகளும் சேர்க்கப்பட்டன. கோட்டயம் மரபின் கையெழுத்துச் சுவடிகளும் இனிக் கணினியில் ஏறலாம் என்பது இதன் பொருள். (அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அர்வி மரபினை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.)

ஒலிபெயர்ப்பில் நிலைமை வேறு. எபிரேயத்தின் தாலெத், தேத், தாவ் ஆகிய மூன்றும் தமிழில் தகரம் ஒன்றினுள் அடங்கிவிடுகின்றன. கிமெல், காப், கோப் ஆகியவை ககரத்தில் அடங்குகின்றன. பள்ளியில் மலையாளம் கற்ற வண்டிப்பெரியார் மாணவருக்கு இங்கு ஒரு வாய்ப்பு உண்டு. வல்லின வேறுபாடுகளைத் தனித்தனி எழுத்தால் காட்டும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே கைவந்துள்ளது. மலையாள எழுத்தின் துணையால் ஒலிகளைப் பிரித்தறிந்து, தமிழ் இலக்கணத்தின் துணையால் அமைப்பை உணரும் ஒருவரை மனத்திற்கொண்டு எந்தக் கருவியும் இதுவரை அமைக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

தமிழர்க்கு உள்ள உண்மையான ஒலியியல் நன்மை வேறோரிடத்தில் இருக்கிறது. எபிரேயத்தில் ப, க, த முதலிய ஆறு எழுத்துகள் சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மையாக ஒலிக்கும். உயிருக்குப் பின் தனித்து வருங்கால் நெகிழ்ந்து உரசொலியாகும். ஆங்கிலவழிப் பாடங்கள் இதனை மனப்பாடம் செய்ய வேண்டிய விதியாகத் தருகின்றன. தமிழ் பேசுவோர்க்கோ இது வாயில் உள்ள வழக்கம். 'கல்' என்பதன் ககரமும், 'பக்கம்' என்பதன் இரட்டைக் ககரமும், 'பகல்' என்பதன் ககரமும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. எழுத்து ஒன்றே, இடத்திற்கேற்ப ஒலி மாறுகிறது. இரு மொழிகளும் முழுதும் ஒத்துப்போவதில்லை. மெல்லினத்தை அடுத்து வரும் தமிழ் வல்லினம் ஒலிப்புடையதாவது எபிரேயத்தில் இல்லாதது. ஆயினும் 'பக்கம் - பகல்' என்ற இரு சொற்களால் விளக்கிவிடக் கூடியதை ஒரு பாடமாக நீட்டவேண்டியதில்லை.

வேற்றுமையும் எச்சமும்

இடைவரி மொழிபெயர்ப்புகளில், அதாவது மூலச் சொல் ஒவ்வொன்றின் கீழும் அதன் பொருளைத் தரும் பாடங்களில், எபிரேய 'எத்' என்னும் இடைச்சொல்லின் கீழ்ப் பெரும்பாலும் ஒன்றும் எழுதப்படுவதில்லை. அல்லது செயப்படுபொருட் குறி என்னும் சுருக்கம் இடப்படுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு நிகரான சொல் இல்லாததே காரணம். தொடக்கநூலின் முதல் வசனத்திலேயே இச்சொல் இருமுறை வருகிறது. வண்டிப்பெரியாரில் இக்கட்டுரையாளர் உரையாடிய ஓர் இளைஞர், தாம் பார்த்து வந்த இடைவரிப் பாடத்தில் அவ்விடம் வெறுமையாக இருந்தமையால், அது பொருளற்ற அசைநிலை என்றே எண்ணியிருந்தார். அஃது ஐயுருபின் வேலையைச் செய்வது என்று கூறியதும் அவர்க்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை.

இவ்வொப்புமை மேற்போக்கானது அன்று. எபிரேயத்தில் 'எத்' வரையறுத்த செயப்படுபொருளுக்கே வரும். தமிழிலும் அஃறிணையில் 'மரம் வெட்டினான்' என்பதற்கும் 'மரத்தை வெட்டினான்' என்பதற்கும் இடையே அதே வேறுபாடு உண்டு. உயர்திணையில்தான் இரண்டும் பிரிகின்றன. 'ஒரு மனிதனைக் கண்டான்' எனத் தமிழ் உருபை விடாது. எபிரேயம் அவ்விடத்தில் 'எத்' இடாது. ஒப்புமை, விலக்கு இரண்டையும் இரு வரிகளில் சொல்லிவிடலாம். ஆங்கிலக் குறிப்பு இரண்டையும் இழக்கிறது.

வினைத்திரிபுகளிலும் இதே நிலை. எபிரேயத்தில் 'லாமத்' என்பது கற்றான் எனப் பொருள்படும். நடு மெய் இரட்டித்த 'லிம்மெத்' கற்பித்தான் எனப் பொருள்படும். 'ஆகல்' உண்டான், 'ஹெஎகில்' ஊட்டினான். ஆங்கிலச் சொற்பொருள் வரிசையில் இவை உறவற்ற வெவ்வேறு சொற்களாகத் தோன்றுகின்றன. கல் - கற்பி, உண் - ஊட்டு எனத் தன்வினை பிறவினைகளை அறிந்தவர்க்கு ஒரே வேரின் இரு நிலைகள் என்பது உடனே விளங்கும்.

தமிழ் மரபு துணைநிற்காத இடங்களையும் மறைத்தல் கூடாது. எபிரேயத்தில் இரு பெயர்கள் உடைமைப் பொருளில் சேரும்போது தலைமைச் சொல்லே வடிவம் மாறும்: தனித்து நிற்கும் 'தாவார்' (சொல்), அரசனுடைய சொல் என்னும் பொருளில் வருங்கால் 'தெவர்' எனக் குறுகும். தமிழில் அடைச்சொல்லே மாறும்: மரம், மரத்து இலை என்றாகும். 'ஆறாம் வேற்றுமைத் தொகை' என்று மட்டும் பெயரிட்டு விட்டுவிடும் ஆசிரியர், மாணவர் தவறான சொல்லில் மாற்றத்தைத் தேட வழிவகுக்கிறார்.

கிரேக்கத்தில் மிக வளமான இடம் எச்சங்கள். எழுந்து போனான் என்னும் பொருளில் ஓர் எச்ச வடிவத்தையும் ஒரு முற்றினையும் அடுத்து வைத்துக் கதை சொல்லுதல் லூக்காவின் இயல்பான நடை. ஆங்கில இடைவரிப் பாடங்கள் இவ்வெச்சத்தை அம்மொழிக்கே இயல்பற்ற தொடரால் பெயர்க்கின்றன. தமிழில் 'எழுந்து' என்ற ஒரு சொல் போதும். மேலும், தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளுள் செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் எனப் பிரித்தோதினார். 'செய' முதலியன பிறிதொன்றன் வினையையும் கொள்ளும். கிரேக்கத்தில் எழுவாயோடு இயைந்த எச்சத்திற்கும், எழுவாய் வேறுபட்டு ஆறாம் வேற்றுமையில் தனித்து நிற்கும் எச்சத் தொடருக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுவே. 'அவன் எழுந்து போனான்', 'அவன் பேசிக்கொண்டிருக்க, வேறொருவன் வந்தான்' என்னும் இரு தொடர்கள் ஒரு பாடத்தையே தாங்கும். இனி, சுட்டிடைச்சொல் பெற்றுப் பெயராய் நிற்கும் கிரேக்க எச்சம், நம்முடைய வினையாலணையும் பெயராகிறது: வருபவர், நம்புபவர். ஆங்கிலம் ஒரு தொடரால் சுற்றி வளைத்துச் சொல்வதைத் தமிழ் காலமும் பாலும் காட்டும் ஒரே சொல்லால் சொல்கிறது.

இங்கே கருவியமைப்போர் கருதவேண்டிய ஒரு தடையும் உண்டு. தரவுத்தொகுப்புகளில் இவ்வடிவங்கள் அனைத்திற்கும் ஒரே குறியீடு இடப்பட்டுள்ளது. அக்குறியீட்டை மட்டும் எடுத்துத் தமிழ்ப் பெயர் சூட்டினால் வினையெச்சம், பெயரெச்சம், வினையாலணையும் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாகிவிடும். சொல்லிலக்கணக் குறியுடன் தொடரிலக்கணக் குறியும் சேர்ந்தால்தான் தமிழ்ப் பெயர் பொருந்தும். தமிழாக்கம் என்பது பெயர்ப்பலகையை மாற்றும் வேலை அன்று என்பதற்கு இதுவே சான்று.

கருவிகளின் மதிப்பீடு

ஸ்டிராங் என்பாரின் சொல்லடைவு 1890இல் வெளிவந்தது. எபிரேயச் சொற்களுக்கு 8,674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5,624 வரையும் எண் இட்ட அவ்வடைவு, மூலமொழி அறியாதவர்க்கென அமைந்தது. இன்றைய இலவசச் செயலிகள் பல அவ்வெண்களின் மீதே நிற்கின்றன. பதிப்புரிமை நீங்கிய நூல்களே இலவசமாக ஏற்றத்தக்கன ஆகலின், 1906ஆம் ஆண்டு எபிரேய அகராதி போன்றவற்றின் சுருக்கங்களே அவற்றில் பொருளாகத் தரப்படுகின்றன. தமிழ் மாணவர் பெறுவது நூறாண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தின் வழியே வந்த எபிரேயம். எண்ணைத் தொட்டு வேரைக் கண்டு, வேரின் பொருளைச் சொல்லின் பொருளாகக் கொள்ளும் பழக்கமும் இதனால் வளர்ந்தது. இதன் தவற்றை ஜேம்ஸ் பார் 1961இலேயே விரிவாக எடுத்துக்காட்டினார். வேர்ச்சொல்லாய்வில் தனி ஈடுபாடு உடைய நம்மவர்க்கு அவருடைய எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

கேம்பிரிட்ஜ் டிண்டேல் ஹவுஸ் வெளியிட்ட ஸ்டெப் பைபிள் இவ்வகையில் மேம்பட்டது. சொல்லைத் தொட்டவுடன் இலக்கணக் குறிப்பும் பிற வருகைகளும் தோன்றுகின்றன. இணைப்பின்றியும் இயங்கும் வடிவம் உண்டு. பிந்தைய பண்பு சிறிதன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடியிருந்தபோது, இடுக்கி மலைத்தோட்டங்களில் மாணவர் அலைவரிசை தேடி மேடுகளுக்கும் சாலையோரங்களுக்கும் சென்ற செய்தி நாளேடுகளில் வந்ததை நினைவுகூர்க. ஆயின், எல்லாவற்றையும் தொட்டவுடன் தரும் கருவி கற்பிப்பதில்லை. கற்காமலே இருக்க உதவுகிறது. பத்தாண்டு தொட்டுப் படித்தும் ஒரு வினையைத் தாமே பகுக்க இயலாதவர் இருக்கக்கூடும்.

இக்குறைக்கு மாற்று, டேனிய அறிஞர் வின்தர்-நீல்சனின் முயற்சியில் உருவான பைபிள் ஓஎல். ஆம்ஸ்டர்டாமிலுள்ள விரிஜே பல்கலைக்கழகத்தார் பல பத்தாண்டுகளாகத் தொகுத்த எபிரேயத் தரவினின்று இது பயிற்சி வினாக்களை ஆக்குகிறது. விடையைத் தராமல் கேட்கிறது என்பதே இதன் சிறப்பு. இடைமுகத்தையும் பிற மொழிகளில் பெயர்க்கலாம். 'அலெஃப் வித் பெத்' என்னும் காணொளிப் பாடவரிசை வேறு வழியை மேற்கொள்கிறது. படமும் செய்கையும் கொண்டு எபிரேயத்தை எபிரேயத்திலேயே கற்பிப்பதால் ஆங்கிலத்தின் தேவை பெரிதும் நீங்குகிறது. தொடக்க நிலைக்கு இதனினும் தக்கது இப்போது இல்லை எனலாம். காணொளி கேட்கும் தரவளவு மட்டுமே மலைப்பகுதியில் இதற்குத் தடை.

ஆங்கிலக் குறிப்புகளைப் பொறிவழி மொழிபெயர்த்துத் தமிழ்க் கருவி ஆக்கிவிடலாம் என்று கருதுவோர் உளர். லூக்கா 22:31, 32ஐ அவர்கள் நோக்குதல் வேண்டும். சீமோனிடம் பேசும் இயேசு முதலில் பன்மையையும் அடுத்து ஒருமையையும் ஆள்கிறார். சோதனை அனைவர்க்கும், வேண்டுதல் ஒருவனுக்காக. கிரேக்கம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. உங்களை, உனக்காக எனத் தமிழும் காட்டவல்லது. இன்றைய ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் நடுவில் நின்று இதனை அழிக்கிறது. அழிந்ததைப் பொறி மீட்க இயலாது.

மறுதலையாக, லூக்கா 7:5இல் யூத மூப்பர் இயேசுவிடம் நூற்றுவர் தலைவனுக்காகப் பரிந்து பேசுகின்றனர். தம் இனத்தை அவன் நேசிப்பதையும் தமக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்ததையும் கூறுகின்றனர். கிரேக்கத்தில் இரு இடத்தும் ஒரே தன்மைப் பன்மைதான். தமிழில் உளப்பாட்டுப் பன்மையா அன்றா என முடிவெடுத்தே ஆகவேண்டும். கேட்பவரும் யூதரே ஆதலின் 'நம் இனம்'. கூடம் கப்பர்நாகும் ஊரார்க்கு உரியது எனின் 'எங்களுக்கு'. சொல்லுக்கு ஒரு பொருள் என நிரப்பிய பட்டியல் இவ்விடத்தில் பயன்படாது. அவன், அவர் என்னும் மதிப்புநிலை வேறுபாட்டிற்கும் இஃது ஒக்கும். இவ்விடங்களில் கருவி முடிவைத் திணிக்காமல், தமிழ் இங்கே முடிவு கேட்கிறது என்று காட்டினால் போதும்.

செய்யத்தக்கது

பணியின் அளவு பலர் அஞ்சுவதுபோல் பெரிதன்று. கிரேக்கப் புதிய ஏற்பாடு ஏறத்தாழ 1,38,000 சொற்களால் ஆனது. அதில் ஐம்பது முறைக்கு மேல் வரும் சொற்கள் சற்றேறக்குறைய 310. அவையே பாடத்தின் ஐந்தில் நான்கு பங்கை நிரப்புகின்றன. எபிரேயத்தில் அதே அளவில் வருவன 600க்குச் சற்று மேல். ஆயிரத்திற்குக் குறைந்த சொற்களுக்கு மூலத்திலிருந்தே நேராகத் தமிழ்ப் பொருளும், நம் இலக்கண மரபின் பெயர்களும் எழுதுதல் ஒரு சிறு குழுவால் இயலும். இலக்கணக் குறியிட்ட மூலப்பாடங்கள் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. உரைவடிவக் கோப்பு ஆகலின் எளிய அலைபேசியிலும் அடங்கும்.

கலைச்சொல்லே கடினமாக இருக்கும். ஒன்றைக் கூறலாம். எபிரேயக் கதைநடையில் 'வ' முன்னொட்டுப் பெற்ற முற்றுவினைகள் அடுக்கி வரும். தமிழ் மொழிபெயர்ப்புகள் இவற்றை எச்சங்களாக்கி இறுதியில் ஒரு முற்றால் முடித்து வந்துள்ளன. ஆங்கில நூல்கள் இவ்வடிவிற்கு வழங்கும் பெயர்கள் பல. எதுவும் மாணவர் மனத்தில் நிற்பதில்லை. 'கண்டனன் வணங்கினான்' என்பதில் முன்னது முற்று வடிவில் நின்று எச்சப்பொருள் தருதலை நம் இலக்கணத்தார் முற்றெச்சம் என்றனர். எபிரேய வடிவிற்கு இப்பெயரை இரவல் பெறலாமா? வடிவும் மொழிபெயர்ப்பு வழக்கும் இதற்கு இடந்தருகின்றன. ஆனால் எபிரேயத்தில் அவ்வினை ஒவ்வொன்றும் தனித்து நின்று தொடரை முடிக்கவும் வல்லது. 'கண்டனன்' அத்தொடரில் அவ்வாறு முடிப்பதாக நம் உரையாசிரியர்கள் கொள்ளவில்லை. 'தொடர்முற்று' எனப் புதிதாக வழங்குதல் மேலா, மரபுப்பெயரை விரித்துக் கொள்ளுதல் மேலா என்பதை எபிரேயம் கற்பிப்போரும் தமிழிலக்கணம் வல்லோரும் ஒருங்கிருந்து முடிவு செய்தல் வேண்டும்.